நான் எடுத்த முழு வருகை விழா

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் மேடை ஏறக் கூடாது என்று நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திருவனந்தபுரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும். அதை மூடியது அரசாங்கம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். மூடியது நான். அதுவும் சும்மா மூடவில்லை. பூ வளைவு கட்டி, மைக் செட் வைத்து, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மூடினேன்.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (நான் 'கொஞ்சம்' என்றால் என் மனைவி பகவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.) தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. பதினோரு வயதில் பிச்சிப்பூக் கூடையோடு பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்தேன். கிழக்கே கோட்டை நடைபாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்தவன், இன்று அதே நடைபாதைக்கு எதிரே இரண்டு ஷட்டர் வைத்த கடைக்கு முதலாளி. சொந்தமாக இரண்டு வேன். ஸ்ரீவராகம் தெருக்களில் கல்யாணம் என்றால் மாலை என்னுடையது. ஓணத்துக்குக் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் தரையில் போடுகிற பூக்கோலத்துக்குப் பூ என்னுடையது. என் மாலை கழுத்தில் ஏறாமல் இந்த நகரத்தில் எத்தனை கல்யாணம் செல்லுபடியாகும் என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

இப்படிப்பட்ட ஆளை விழாக்களுக்குக் கூப்பிடாமல் இருப்பார்களா? கூப்பிட்டால் தலைவரும் கிடைப்பார், மாலையும் இலவசமாக வரும். (எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.) எந்த மேடையானாலும் என் பேச்சு ஒன்றுதான்.

"பிள்ளைகளே! நான் படிச்சது மூணாங்கிளாஸ். எனக்கு வேன் ஓட்டுற தங்கராஜ் படிச்சது எம்.ஏ.! இப்ப சொல்லுங்க, யாரு முதலாளி?"

தங்கராஜ் எம்.ஏ. முடிக்கவில்லை, சேர்ந்ததோடு சரி. மேடையில் அதையெல்லாம் யார் விசாரிக்கிறார்கள்? பிள்ளைகள் கை வலிக்கத் தட்டுவார்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, கோட்டைக்குத் தெற்கே இருக்கிற அந்த அரசுப் பள்ளியில் குழந்தைகள் தினத்தன்று இதைத்தான் பேசினேன். கைதட்டல் ஓயவே இல்லை. ஒரே ஒருத்தி தட்டவில்லை. தமிழ்ப் பிரிவின் எஸ்தர் டீச்சர்.

அடுத்த ஜூலையில் அந்த எஸ்தர் டீச்சர் குடையோடு என் கடைக்கு வந்து நின்றார். பாறசாலைப் பக்கத்துக்காரர். பேச்சு நேராக இருக்கும்.

"அண்ணாச்சி, ஒரு பிரசங்கம் பண்ணினியளே, அதுக்குப் பெறவு எங்கிளாசில ரெண்டு பேரு பள்ளிக்கு வாரதில்ல."

"ஏன் டீச்சர்? உடம்புக்கு என்ன?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. வீட்டுல போயிக் கேட்டேன். 'அண்ணாச்சி மூணாங்கிளாசு, நான் அஞ்சு முடிச்சாச்சு, ரெண்டு கிளாசு கூடுதலு'ங்கான் ஒருத்தன்."

நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். டீச்சர் நான் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"எஞ்சிரிப்பு தீந்துபோச்சு அண்ணாச்சி. ரிஜிஸ்டர்ல பதினெட்டுப் பேரு. பெஞ்சில சில நாளு பன்னெண்டு, சில நாளு அஞ்சு. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்து தலை எண்ணப் போறாங்க. காலைல பத்து மணிக்குள்ள பத்துப் பிள்ளையாவது இருக்கணும். இல்லேன்னா தமிழ் டிவிஷன் பூட்டியாச்சு."

"பூட்டினா பூட்டட்டுமே டீச்சர். பிள்ளையள் மலையாளத்துல சேரட்டும். இந்த ஊர்ல பொழைக்க அதுதானே வேணும்?"

"சின்னதுக சேந்துக்கிடும். கோமதி சேராது." குடையைக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்தார். "ஏழாங்கிளாசு. தென்காசிப் பக்கமிருந்து போன வருஷந்தான் வந்துது. மலையாளம் நல்லாப் பேசும், எழுத்துக்கூட்டத் தெரியாது. தமிழ்ப் புஸ்தகம் ஒண்ணு குடுத்தா ஒரே நாள்ல முடிச்சிட்டு அடுத்தது எங்கன்னு வந்து நிக்கும். அதக் கொண்டுபோயி மலையாளக் கிளாசில இருத்தினா பத்து நாளு இருக்கும். பெறவு வீட்டோட இருந்துரும். உங்களுக்குப் பூ கட்டுதாளே இசக்கியம்மா, அவ மகதான்."

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். தோவாளையிலிருந்து உதிரிப்பூ மூட்டையாக வரும். அதைக் கால்வாய் ஓரத்து லைன் வீடுகளில் வேன் இறக்கிவிடும். ஓடு போட்ட ஒற்றை அறை வீடுகள். எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். ஆண்கள் கட்டிட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போவார்கள், பெண்கள் வீட்டிலிருந்து பூ கட்டுவார்கள். சாயங்காலம் வேன் போய்ச் சரமாகவும் மாலையாகவும் எடுத்து வரும். என் கடையில் பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவர் கிடையாது. இதை எந்த ஆபீசர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். நான் பூ கொடுப்பது தாய்மாருக்கு. அந்த வீட்டுக்குள் எத்தனை விரல் இருக்கிறது என்று எண்ணுவதா என் வேலை?

"அந்த வீடுகள்ல போயி, வெள்ளிக்கிழமை பிள்ளைய அனுப்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்கு அங்க மறுபேச்சு கெடையாது. அது போதும்" என்றார் டீச்சர்.

ஒரு வார்த்தை. என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கிறார்! ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியதாகச் சரித்திரம் உண்டா?

"டீச்சர், விழா எடுத்திருவோம்."

"என்ன விழா?"

"முழு வருகை விழா. வாசல்ல வளைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கழுத்துல மாலை. ஆபீசருக்கு ஆளுயர மாலை. பள்ளிக்கூடம் வந்தா மாலை கெடைக்கும்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளை வீட்டுல இருக்கும்?"

"அண்ணாச்சி, பூ ஒண்ணும் வேண்டாம். பிள்ளையள் வந்தா போதும்."

"நீங்க பாடத்தைப் பாருங்க டீச்சர். விழாவை நான் பாத்துக்கிடுதேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் வியப்பு என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே லைன் வீடுகளுக்குப் போனேன். வீடு வீடாக நின்று பேசினேன். கடைசி வீடு இசக்கியம்மாளுடையது. அவள் வாசலில் துளசியை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒல்லியாக ஒரு பெண் பிள்ளை சுவரில் சாய்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. பூ பொதிந்து வந்த பழைய செய்தித்தாள். ஈரத்தில் கிழிந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தது.

"இசக்கி, வெள்ளிக்கிழமை இவ பள்ளிக்கூடத்துல இருக்கணும். காலைல ஒம்போதரைக்கே."

"அனுப்புதேன் அண்ணாச்சி. நீங்க சொன்னா சரிதான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சனிக்கிழமை பெரிய முகூர்த்தம்லா? வெள்ளிக்கிழமை பூ கட்டுற நாளாச்சே, அண்ணாச்சி."

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பஞ்சாங்கம் விரல் நுனியில்! (எப்படி வந்தது அந்த அறிவு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு.)

"கெட்டிக்காரி! கவலப்படாத மக்கா. கல்யாணப் பூவை இந்தத் தடவை வேற தெருவுக்குக் குடுத்திடுதேன். வெள்ளிக்கிழமை உங்க தெருவுக்கு ஒரு கல்யாணப் பூ கூடக் கெடையாது. போதுமா?"

கோமதி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தோடு நான் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுத்திருந்தால் பதினெட்டுப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். எஸ்தர் டீச்சர் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்தாயிற்று. காரியம் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு விழா இருந்ததே.

வளைவுக்குச் செண்டுமல்லி (எங்கள் பக்கத்தில் கேந்திப்பூ), பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாலை, ஆபீசருக்கு ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்து ஆளுயரத்துக்கு ஒன்று. இவ்வளவையும் கட்ட ஆள் வேண்டும். மற்றத் தெருக்களில் எல்லாம் சனிக்கிழமைக் கல்யாணப் பூ நிறைந்து கிடக்கிறது. எந்தத் தெரு சும்மா இருக்கிறது? நானே சும்மா ஆக்கி வைத்த தெரு ஒன்று இருக்கிறதே! கட்டுவதிலும் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. இந்த யோசனை தோன்றியபோது நான் கடையில் உட்கார்ந்து என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

வியாழக்கிழமை மத்தியானமே பூ வந்துவிடும், இருட்டுவதற்குள் கட்டி முடித்துவிடலாம் என்பது திட்டம். தோவாளையில் மழை. பூ வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் மூட்டைகள் லைன் வீடுகளில் இறங்கின. தங்கராஜ் போன் செய்து, "நேரம் பத்தாது அண்ணாச்சி, பாதி மாலைய வெட்டிருவோமா?" என்று கேட்டான். படித்தவன் அல்லவா, அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

"ஒரு மாலை கொறயப்படாது. கட்டி முடிக்காம எவளாவது எந்திரிச்சா அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் பூ கெடையாதுன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். சந்தனம் பூசினேன். பட்டுச் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்ட பகவதி, "பிள்ளைகளை வரச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள். "எல்லாம் சொல்லியாச்சு, அந்தத் தெருவே இப்போ விழா வேலையிலதான் இருக்கு" என்றேன்.

ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் வளைவு எழுந்துவிட்டது. சின்ன வளைவா? பஸ்ஸில் போகிறவர்கள் கல்யாண மண்டபம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். மைக் செட்காரர் நாகஸ்வரம் போட்டார். அவர் கையில் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தேன்: ஆளுயர மாலை வாசலுக்குள் நுழைந்ததும் என்ன அறிவிக்க வேண்டும் என்று நானே சொல்லி மகளை எழுத வைத்தது.

ஒன்பதரைக்கு ஆபீசர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், தோளில் துணிப்பை. மலையாளி என்றாலும் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். வளைவை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெஞ்சைப் பார்த்தார்.

பெஞ்சில் ஐந்து பிள்ளைகள்.

"விழா எல்லாம் பின்னே ஆகட்டும்" என்றார். "குட்டிகள் எங்கே, டீச்சரே?"

எஸ்தர் டீச்சர் வாசலைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "வந்திருவாங்க மேடம். மாலை வந்துக்கிட்டே இருக்கு, பின்னாலேயே பிள்ளையளும் வரும்." சொல்லிவிட்டுத் தங்கராஜுக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு காது மந்தம். அதனால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான்.

"ஏலே, என்ன ஆச்சு?"

"பத்து மாலை முடிஞ்சிருக்கு அண்ணாச்சி. மீதியப் பிள்ளையள் கட்டிக்கிட்டு இருக்கு."

"எந்தப் பிள்ளையள்?"

"நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்தான். தாய்மாரு தனியாக் கட்டினா முடியாதுன்னு எல்லாத்தையும் பிடிச்சு உக்கார வச்சிருக்காவ. எந்திரிச்சா அடுத்த வாரம் பூ கெடையாதுன்னு நீங்கதான சொல்லச் சொன்னிய?"

ஆபீசர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், என் கடையில ஒரு பிள்ளை கூட வேலை செய்யல" என்றேன்.

"கடையில் இல்லை. சரி" என்றார். குரலில் கோபமே இல்லை. "டீச்சரே, ரிஜிஸ்டர் கொண்டு வரூ."

எஸ்தர் டீச்சர் ரிஜிஸ்டரோடு இன்னொன்றையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆபீஸ் அறைச் சுவரில் தொங்கிய காலண்டர். என் கடைக் காலண்டர்தான். மேலே என் படம். முகூர்த்த நாள்களெல்லாம் சிவப்புக் கட்டம் போட்டு, ஊரில் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று வருஷா வருஷம் நானே அடித்து இலவசமாகக் கொடுப்பது. டீச்சர் ஒரு விரலை ரிஜிஸ்டரிலும் ஒரு விரலைக் காலண்டரிலும் வைத்து மெல்ல நகர்த்தினார். சிவப்புக் கட்டத்துக்கு முந்தின நாள் வரும்போதெல்லாம் ரிஜிஸ்டரில் வரிசையாக ஆப்சென்ட். ஜூன் முழுக்க அப்படி. ஜூலையும் அப்படி. போன வருஷம் ஆடி பிறந்து முகூர்த்தம் ஓய்ந்த மாதத்தையும் புரட்டிக் காட்டினார். அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, ஹாஜர் எடுக்க டீச்சர் வேண்டாம் போலிருக்கே. உங்க கலண்டர் மதி, அது போதும்."

காலண்டரில் நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மேஜைக்கு முன்னால் நின்றவனுக்கு அந்த வசதி இல்லை.

போனை எடுத்துக் கத்தினேன். "மாலையத் தூரப் போடு! பிள்ளையள வேன்ல ஏத்து!" ஒன்பதே முக்காலுக்கு வேன் வந்தது. நான்கு பிள்ளைகள் இறங்கினார்கள். விரலெல்லாம் கேந்திப்பூ மஞ்சள், ஒரு பையனுக்குச் சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. மற்ற வீடுகளில் தாய்மார் அனுப்ப மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். என் மிரட்டலை என்னைவிட நன்றாக நம்பியவர்கள் அவர்கள்தான்.

ஒன்பது பேர். எஸ்தர் டீச்சர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வேனின் உள்ளே எட்டிப் பார்த்தார். "கோமதி எங்க?"

"அது வரமாட்டேங்கு டீச்சர்" என்றான் தங்கராஜ். "மேடத்துக்கு உள்ள மாலை அது கையில. இன்னும் முடியலயாம்."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி. அதுவரை இருக்கிறேன்."

வேனில் நானே ஏறினேன். லைன் வீட்டுச் சந்துக்குள் வேன் நுழையாது. முனையில் இறங்கி ஓடினேன். நூறு கிலோவுக்கு மேல் எடை, பட்டுச் சட்டை, சரிகைக் கசவு வேட்டி. சந்தில் இருந்த நாய்கள் எல்லாம் எனக்கு மரியாதை செய்து கூடவே ஓடி வந்தன.

இசக்கியம்மாள் மாலையை மகள் கையில் விட்டுவிட்டு, மறுநாள் கல்யாணத்துக்காக மண்டபத்தில் மணவறை அலங்கரிக்கப் போயிருந்தாள். கோமதி தனியாக இருந்தாள். யூனிபார்ம் போட்டுத் தலை பின்னி, மடியில் ஈரம் படாமல் ஒரு பழைய சாக்கை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புத்தகப் பை தயாராக இருந்தது. உத்தரத்துக் கொக்கியிலிருந்து மாலை தொங்கியது. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: நாற்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு மாலைக் கட்டு நான் பார்த்ததில்லை. ரோஜா ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல.

"எந்திரி மக்கா! ஓடு! நீ போனாப் பத்து ஆயிரும்!"

"இன்னும் ஒரு சாண்தான் அண்ணாச்சி."

"மாலை கெடக்கட்டும்!"

"பாதியில விட்டா நார் அவுந்து பூராவும் உதிர்ந்திரும்." அவள் நிமிரவே இல்லை. "பெறவு எங்கம்மையத்தான் ஏசுவீங்க."

இப்போது நான் எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பகவதிதான் எழுதுங்கள் என்றாள்.

நான் அந்த மாலையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கடைசி முடிச்சு விழாத மாலையை எடுத்தால் அத்தனை ரோஜாவும் தரையில் கொட்டிவிடும். நாற்பது வருஷமாக என் கண் வேறொன்றையும் பார்க்கப் பழகவில்லை. பெஞ்சு, ரிஜிஸ்டர், பத்து மணி எல்லாம் எங்கோ போய்விட்டது. என் வாய் சொன்னது:

"சரி, முடிச்சுப் போட்டுரு."

மூன்று நிமிஷம் இருக்குமா? நாலு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி முடிச்சில் நாரைப் பல்லால் கடித்து இழுத்து, "ஆச்சு அண்ணாச்சி" என்று எழுந்தாள்.

மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும், பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினோம். வேன் பள்ளித் தெருவுக்குள் திரும்பும்போது பத்து மணி பெல் அடிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் வளைவுக்குள் நுழைந்தோம். ஆளுயர மாலையைக் கண்ட மைக் செட்காரர் தன் கடமையைத் தவறாமல் செய்தார்.

"இதோ! பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அழைத்து வந்த பெருமகனார், கல்வி வள்ளல், நமது அண்ணாச்சி அவர்கள் முழு வருகை விழாவைத் தொடங்கி வைக்க வருகிறார்!"

நாகஸ்வரம் வேறு.

"அது நிறுத்தச் சொல்லுங்க" என்றார் ஆபீசர். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் எஸ்தர் டீச்சர் கையெழுத்தும் விழுந்துவிட்டது. ஒன்பது.

கோமதி வகுப்பு வாசலில் நின்று மூச்சு வாங்க, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

மாலையின் கனம் தாங்காமல் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். பெஞ்சில் இருந்தவர்களை எண்ணினாள் போல, உதடு அசைந்தது. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "உள்ளேன் டீச்சர்."

"மேடம், இது வந்தாச்சே" என்றேன். "ஒரு நாலு நிமிஷம்தானே மேடம்."

ஆபீசர் கோமதியின் விரல்களைப் பார்த்தார். நார் அறுத்த கோடுகள். "நான் பத்து மணிக்கு என்ன கண்டேனோ அதுதான் எழுதினேன், அண்ணாச்சி. நாலு நிமிஷம் யார் எடுத்தது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

அவர் போகும்போது வளைவுக்குள் போகாமல் பக்கத்துச் சின்ன கேட் வழியாகப் போனார். கோமதி நீட்டிய மாலையை வாங்கவில்லை, அவள் தலையை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த மாலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வீணாகவில்லை. மறுநாள் ஒரு மாப்பிள்ளை கழுத்தில் ஏறியது. தொழில்காரன் அல்லவா நான்.

ஓணம் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது தமிழ்ப் பிரிவு இல்லை. எஸ்தர் டீச்சரை வித்துராவுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "கோமதிகிட்ட குடுத்திருங்க, போற வழியில பாக்க முடியல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

கோமதி மலையாள வகுப்பில் பத்து நாள் இருப்பாள் என்று டீச்சர் சொன்னார். பதினோரு நாள் இருந்தாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. (சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இனிமேல் பூ கிடையாது என்று அறிவித்தேன். இசக்கியம்மாள் கடை வாசலில் வந்து, "அப்போ உலை வைக்கவும் வேண்டாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே இன்னொரு கடையின் மூட்டையை இறக்கிக்கொண்டாள். அந்தக் கடைக்காரர் விரலை எண்ணுகிறவர் இல்லை, நான் முன்பு இருந்தது போல. பிறகுதான் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டேன். பூ அங்கேயே இருக்கும், வீட்டுக்குப் போகாது. தாய்மார் வந்து கட்டிக் கூலி வாங்கிப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. இசக்கியம்மாளும் திரும்பி வந்தாள். இந்த ஊரில் இப்படிச் செய்த முதல் பூக்கடை என்னுடையதுதான் என்று எல்லாரிடமும் சொல்வேன். "நாலு வருஷம் யோசிச்சு" என்று பகவதி பக்கத்தில் இருந்து சேர்ப்பாள்.

அந்தக் கொட்டகை திறந்த வருஷம் கோமதிக்குப் பதினாறு. பதினெட்டு முடிந்ததும் அவளும் வந்து சேர்ந்தாள். இப்போது எங்கள் கொட்டகையில் அவளைப் போல மாலை கட்ட ஆள் கிடையாது. வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாமாம், பணம் நான் கட்டுகிறேன் என்று போன வருஷம் சொன்னேன். "முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, எழுதுதேன்" என்றாள். விண்ணப்பம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போடவில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. மகள் வயிற்றுப் பேரன் காலையில் பள்ளிக்குப் போக அடம் பிடித்தால் பகவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "போறியா, இல்ல தாத்தாவை விட்டு விழா எடுக்கச் சொல்லவா?" பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். மருமகன் கம்பெனியில் ஆள் வரத்து குறைந்தது என்றால், "மாமாவைத் தலைமை தாங்கக் கூப்பிடுங்க, மீதிப் பேரும் நின்னுருவாங்க" என்று சிரிப்பார். இது கொட்டகைக்கும் எப்படியோ பரவிவிட்டது.

போன வாரம் ஊரெல்லாம் காய்ச்சல். கட்டுகிறவர்களில் நாலு பேர் வரவில்லை. நான் கொட்டகை வாசலில் நின்று, "என்ன இது, ஆளையே காணோம்?" என்று சத்தம் போட்டேன்.

"அண்ணாச்சி" என்றாள் கோமதி, "விழா கிழா எடுத்திராதீங்க. இருக்கிறவங்களாவது இருக்கட்டும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கோமதியும் சிரித்தாள். தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை.